நான்கு சக்கர இயக்கப் பிக்கப் டிரக்: மாற்றுப் பட்டறைகளின் வரலாறு

இரு சக்கர இயக்கப் பிக்கப் டிரக்கை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றுதல் என்பது, பின் சக்கரங்களுக்கு மட்டும் செல்லும் எஞ்சின் விசையை முன் சக்கரங்களுக்கும் கொண்டுசெல்லும்படி வண்டியின் அடிப்பகுதியை மாற்றியமைக்கும் பணியாகும். இன்று நான்கு சக்கர இயக்கப் பிக்கப்புகள் தொழிற்சாலையிலிருந்தே வெளிவருகின்றன. ஆனால் அமெரிக்காவில் 1930களின் நடுப்பகுதி முதல் 1950களின் இறுதி வரை நிலைமை வேறு. அக்காலத்தில் ஃபோர்டு அல்லது செவ்ரோலே பிக்கப்பில் இந்த வசதியை விரும்பியவர்கள் வெளி நிறுவனங்களின் பாகங்களையே நம்பியிருந்தனர். அவற்றில் மார்மன்-ஹெரிங்டன், நாப்கோ ஆகிய இரண்டும் முக்கியமானவை.

தேவை எழுந்த சூழல்

பிக்கப் டிரக்கில் எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்னால் உள்ளன. பின்னால் திறந்த சரக்குப் பெட்டி உள்ளது. சரக்கு ஏற்றாதபோது எடையின் பெரும்பகுதி முன் சக்கரங்கள் மீது விழுகிறது. வண்டியைத் தள்ள வேண்டிய பின் சக்கரங்கள் மீது போதிய எடை இருப்பதில்லை. இதனால் சேறு, மணல், பனி ஆகியவற்றில் பின் சக்கரங்கள் பிடிப்பின்றி ஒரே இடத்தில் சுழலும். பண்ணையாளர்கள், வனத்துறையினர், மின்கம்பி பராமரிப்போர், எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் ஆகியோர் சாலையில்லாத இடங்களுக்குச் செல்ல வேண்டியிருந்ததால் இக்குறையை அதிகம் உணர்ந்தனர்.

நான்கு சக்கர இயக்கம் அப்போது புதிய கருத்து அன்று. விஸ்கான்சின் மாநிலத்தின் கிளிண்டன்வில் என்ற சிற்றூரில் பட்டறை நடத்திய ஓட்டோ சாக்கோ, அவருடைய மைத்துனர் வில்லியம் பெசர்டிக் ஆகியோர் 1908இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். அவர்கள் தொடங்கிய எஃப்.டபிள்யூ.டி. நிறுவனத்தின் 3 டன் லாரிகள் முதல் உலகப் போரில் பெருமளவில் பயன்பட்டன. ஆனால் அவை விலை உயர்ந்த கனரக வண்டிகள். பெரிய நிறுவனங்கள் ஒரே வகை வண்டியை மிக அதிக எண்ணிக்கையில் செய்வதன் மூலமே விலையைக் குறைத்தன. சிலரே கேட்கும் ஒரு வசதிக்காக உற்பத்தி வரிசையை மாற்ற அவை முன்வரவில்லை.

தொழில்நுட்பச் சிக்கல்

மாற்றத்துக்கு மூன்று முதன்மைப் பாகங்கள் தேவை. முதலாவது, கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பகிரும் டிரான்ஸ்பர் கேஸ். இரண்டாவது, அதிலிருந்து முன்னால் செல்லும் ஷாஃப்ட். மூன்றாவது, சக்கரங்களைச் சுழற்றக்கூடிய முன் ஆக்சில்.

இவற்றுள் கடினமானது முன் ஆக்சில். பின் சக்கரம் சுழன்றால் போதும். முன் சக்கரமோ சுழலவும் வேண்டும், ஓட்டுநர் திருப்பும் பக்கம் திரும்பவும் வேண்டும். சாதாரண யுனிவர்சல் ஜாயிண்ட் வளைந்த நிலையில் சுழலும்போது, வெளியேறும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறைகிறது. வளைவு அதிகமானால் அந்த அதிர்வு ஸ்டியரிங்கில் தெரியும். 1920களில் பிரான்சில் கிரெகுவார், ஃபெனாய் ஆகியோர் உருவாக்கிய டிராக்டா ஜாயிண்டும், அமெரிக்காவில் ஆல்ஃபிரட் செப்பா உருவாக்கிய குண்டு வகை ஜாயிண்டும் இதற்குத் தீர்வாக அமைந்தன. இவை வளைந்த நிலையிலும் ஒரே சீரான வேகத்தைத் தருபவை.

முன், பின் டிஃபரன்ஷியல்களின் பல் விகிதம் ஒன்றாக இருப்பதும் அவசியம். விகிதம் வேறுபட்டால் இரண்டு ஆக்சில்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். டயர் தேயும், கியர் உடையும். எஞ்சினுக்கு அடியில் புதிய ஆக்சிலுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வண்டியின் உயரமும் கூடும். உயரம் கூடினால் ஸ்டியரிங் இணைப்புகள், பிரேக் குழாய்கள் ஆகியவற்றையும் மாற்றியமைக்க வேண்டும்.

மார்மன்-ஹெரிங்டன்

வால்டர் மார்மன், ஆர்தர் ஹெரிங்டன் ஆகியோர் 1931இல் இண்டியானாபொலிஸ் நகரில் இந்நிறுவனத்தைத் தொடங்கினர். மார்மன் குடும்பத்தின் கார் நிறுவனம் புகழ்பெற்றது. 1911இல் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் வென்றது அதன் கார்தான். பொருளாதாரப் பெருமந்தத்தில் அந்தக் கார் தொழில் 1933இல் முடிவுக்கு வந்தது. ஹெரிங்டன் இராணுவ லாரிகளை வடிவமைப்பதில் அனுபவம் பெற்ற பொறியாளர்.

புதிய நிறுவனம் முதலில் கனரக லாரிகளை முழுமையாகத் தானே செய்தது. 1935இல் அது வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. எஞ்சின், சேசிஸ், ஓட்டுநர் அறை ஆகிய அனைத்தையும் ஃபோர்டு மலிவாகச் செய்துகொண்டிருந்தது. எனவே ஃபோர்டு வி-8 டிரக்கை வாங்கி, அதற்கு முன் ஆக்சிலும் டிரான்ஸ்பர் கேஸும் பொருத்தி விற்கத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அரை டன் பிக்கப்புகளும் இவ்வாறு மாற்றப்பட்டன. ஃபோர்டு முகவர்கள் மூலமே இவை விற்கப்பட்டன. எஞ்சின் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைத்தது வாங்குவோருக்குப் பெரிய வசதியாக இருந்தது.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போர் இம்முறையின் பயனைக் காட்டியது. தென்னாப்பிரிக்கா, கனடாவிலிருந்து வந்த ஃபோர்டு லாரி சேசிஸ்களின் மீது கவசத் தகடு பொருத்திப் போர் வாகனங்களைச் செய்தது. முதலில் செய்யப்பட்ட 113 வாகனங்களும் பின் சக்கர இயக்கம் கொண்டவை. அடுத்த வகையில் மார்மன்-ஹெரிங்டன் பாகங்கள் சேர்க்கப்பட்டு நான்கு சக்கர இயக்கம் வந்தது. 1940 முதல் 1944 வரை எல்லா வகைகளும் சேர்த்து 5700க்கும் மேற்பட்ட வாகனங்கள் கட்டப்பட்டன. வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போரில் இவை பயன்பட்டன.

ஹெரிங்டனுக்கு இந்தியாவுடனும் ஒரு தொடர்பு உண்டு. 1942இல் இந்தியாவின் போர்க்கால உற்பத்தியை ஆராய ஹென்றி கிரேடி தலைமையில் வந்த அமெரிக்கத் தொழில்நுட்பக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார்.

நாப்கோ

போர் முடிந்ததும் நான்கு சக்கர இயக்க வண்டிகள் பொதுமக்களுக்கும் அறிமுகமாயின. டாட்ஜ் நிறுவனம் 1946இல் பவர் வேகனையும், வில்லிஸ் நிறுவனம் 1947இல் நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பையும் வெளியிட்டன. ஆனால் விற்பனையில் முன்னணியில் இருந்த செவ்ரோலேயிடம் அப்படி ஒன்று இல்லை.

இந்த இடைவெளியை மினியாபொலிஸ் நகரின் நார்த்வெஸ்டர்ன் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி, சுருக்கமாக நாப்கோ, 1950களில் நிரப்பியது. ‘பவர்-பேக்’ என்ற பெயரில் அது ஒரு முழுத் தொகுப்பை விற்றது. சேசிஸை வெட்டி ஒட்டாமல், துளையிட்டு போல்ட் மூலம் பொருத்தும் வகையில் அத்தொகுப்பு அமைந்திருந்தது. முன் டிஃபரன்ஷியலுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் பாகங்களே பயன்பட்டன. இதனால் முன்னும் பின்னும் ஒரே விகிதம் அமைந்தது. உதிரிபாகங்களும் வழக்கமான கடையிலேயே கிடைத்தன. பழைய டிரக்கை விற்கும்போது தொகுப்பைக் கழற்றிப் புதிய டிரக்கில் மாட்டிக்கொள்ளலாம் என்பதையும் நிறுவனம் விளம்பரப்படுத்தியது. 1957 முதல் செவ்ரோலே இத்தொகுப்பைத் தன் ஆலையிலேயே பொருத்திக் கொடுத்தது.

சாலையில் இரு சக்கர இயக்கத்தில் ஓடும்போதும் முன் ஆக்சிலின் உட்பாகங்கள் வீணாகச் சுழன்றன. அவற்றைச் சக்கரத்திலிருந்து கையால் விடுவிக்கும் ஹப் பூட்டை, 1948இல் சியாட்டில் நகரில் தொழில் தொடங்கிய ஆர்தர் வார்ன் முதலில் ஜீப்புகளுக்காகச் செய்தார்.

ஆலைகளின் வருகை

இவ்வகை வண்டிகளுக்குச் சந்தை உண்டு என்பது உறுதியானதும் பெரிய நிறுவனங்கள் அப்பணியைத் தாமே ஏற்றன. ஃபோர்டு 1959இல் தன் ஆலையிலேயே நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பைச் செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1960ஆம் ஆண்டு மாடலில் அதைப் பின்பற்றியது. அத்துடன் இலகுரகப் பிக்கப்புகளில் மார்மன்-ஹெரிங்டன், நாப்கோ ஆகியவற்றின் காலம் முடிவுக்கு வந்தது.

வடிவமைப்பும் மாறியது. அதுவரை இரு சக்கர இயக்க டிரக்கிலும் ஸ்பிரிங் பட்டைகளின் மீது ஒரே நீள முன் ஆக்சில் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு இயக்க ஆக்சிலை மாட்டுவது எளிதாக இருந்தது. 1960இல் செவ்ரோலே இரு சக்கர இயக்க வண்டிக்கு இடமும் வலமும் தனித்தனியே அசையும் முன் சஸ்பென்ஷனைக் கொடுத்தது. ஃபோர்டு 1965இல் இரட்டை ஐ-பீம் அமைப்புக்கு மாறியது. சவாரி சுகமானது, ஆனால் இரு வகை வண்டிகளின் முன்பகுதியும் வெவ்வேறாகிவிட்டதால் மாற்றம் கடினமானது.

பிற்கால நிலை

ஆலை செய்யாத இடங்களில் மாற்றுப் பட்டறைகள் தொடர்ந்தன. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் சந்தைம் ஊரிலுள்ள டான்ஜெல் நிறுவனம் 1980களில் பெஜோ 504 பிக்கப்பை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றி விற்றது. மார்மன்-ஹெரிங்டன் இன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் கனரக, நடுத்தர லாரிகளுக்கான முன் ஆக்சில்களைச் செய்கிறது.

தனிநபர்களும் இம்மாற்றத்தைச் செய்வதுண்டு. 1979இல் நான்கு சக்கர இயக்கம் பெற்ற டொயோட்டா ஹைலக்ஸின் ஒரே நீள முன் ஆக்சில் இதற்காகத் தேடப்படும் ஒன்று. புதிய தாங்கிகளை வெல்டிங் செய்து, ஸ்டியரிங், பிரேக் எல்லாவற்றையும் மாற்றியமைக்கும் செலவு, பழைய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றின் விலையைத் தாண்டிவிடக்கூடும். எனவே பலர் அத்தகைய வண்டியின் சேசிஸை முழுதாக வாங்கி, தம் பிக்கப்பின் உடற்பகுதியை அதன்மேல் இறக்கிப் பொருத்துகின்றனர்.

வரலாற்று முக்கியத்துவம்

பெரிய ஆலை தயங்கிய இடத்தில் சிறு நிறுவனம் தேவையை அறிந்து செயல்பட்டதற்கு இவ்வரலாறு ஓர் எடுத்துக்காட்டு. முழு வண்டியையும் செய்யும் முதலீடு இல்லாத நிறுவனங்கள், பெரிய நிறுவனத்தின் மலிவான வண்டியையே அடித்தளமாகக் கொண்டு புதிய சந்தையை உருவாக்கின. அந்த அடித்தளம் பிறர் கையில் இருந்ததால், பெரிய நிறுவனம் தானே அப்பணியைத் தொடங்கியதும் அச்சந்தையை இழந்தன. நாப்கோ பொருத்தப்பட்ட 1950களின் செவ்ரோலே பிக்கப்புகளைப் பழைய வாகன ஆர்வலர்கள் இன்று தேடிப் பெற்றுப் பாதுகாத்து வருகின்றனர்.