கழுத்திலிருந்து அறுத்த துண்டு

பியட்ரா ரிவோலி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2005-இல் எழுதிய புத்தகம் ஒன்றைச் சமீபத்தில் படித்தேன். ஃப்ளோரிடாவில் ஆறு டாலருக்கு வாங்கிய ஒரு டீ-ஷர்ட்டை வைத்துக்கொண்டு அதன் பூர்வோத்திரம் தேடிக் கிளம்புகிறார். பஞ்சு விளைந்த டெக்சாஸ் காடு, துணியான சீனா, பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் தான்சானியச் சந்தை என்று அந்தத் தேடல் நீள்கிறது. அருமையான புத்தகம். ஆனால் பனியன் ஊர்க்காரனுக்கு அதைப் படிக்கும்போது கண் கழுத்தில் போய் நிற்கும். தலை நுழைகிற அந்த ஓட்டையில் இருந்த துணி எங்கே போனது?

திருப்பூர் ராயபுரத்துச் சந்துகளில் மொபெட்டின் பின்னால் ஆள் உயரத்துக்குக் கட்டிப் போகிறார்களே, அந்த மூட்டைக்குள் இருக்கிறது.

கட்டிங் டேபிளில் துணியை அடுக்கடுக்காக லே போட்டு மெஷினில் அறுப்பார்கள். மாஸ்டர் எவ்வளவு நெருக்கி வைத்தாலும் கழுத்திலும் அக்குள் வளைவிலும் துணி மிஞ்சும். நூறு கிலோவில் பத்து கிலோ கழியும், சில ஸ்டைலில் இருபதுகூட. சாயமேறி, காய்ந்து, சுருங்காமலிருக்க அழுத்தும் காம்பேக்டிங் வரை எல்லாச் செலவும் முடிந்த புதுத்துணி அது. யார் உடம்பிலும் பட்டதில்லை.

அடுத்தது வேஸ்ட் குடோன். பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். வெள்ளைக்கு விலை அதிகம். கறுப்பு தனி, சிவப்பிலேயே நாலைந்து குவியல். பிரித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், காட்டனை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். “லைக்ரா இழுத்தாத் தெரியுமுங்க. பாலியெஸ்டர்னு சந்தேகம் வந்தா நெருப்புல காட்டோணும், உருகி உருண்டையாயிரும். காட்டன்னா காயிதம் எரியற வாசம் வரும்” என்றார். கை ஒரு நொடியும் நிற்கவில்லை.

இதில் கொஞ்சம் ஒர்க்‌ஷாப்களுக்கு எண்ணெய் துடைக்கப் போகும். மீதி பல் வைத்த உருளைகளுக்குள் போய்ப் பஞ்சாகிறது. கந்தலைப் பிய்த்து மறுபடி நூலாக்கும் வித்தை 1813-இலேயே இங்கிலாந்தின் பேட்லியில் தொடங்கிவிட்டது. பெஞ்சமின் லா கம்பளிக் கந்தலில் அதைச் செய்து காட்டினார். பருத்தியில் ஒரு சிக்கல் உண்டு. பிய்க்கும்போது நார் அறுந்து குட்டையாகிவிடும், வழக்கமான ரிங் பிரேம் நூற்பு மெஷினில் நிற்காது. 1967-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வணிகத்துக்கு வந்த ஓப்பன் எண்ட் (ஓ.ஈ.) நூற்பு மெஷின்தான் வழி திறந்தது. ரோட்டார் சுழற்சியில் குட்டை நாரும் முறுக்கேறும், தடித்த நூலாகத்தான் வரும் என்றாலும். கோவை, திருப்பூர் வட்டாரத்து ஓ.ஈ. மில்கள் இந்தப் பஞ்சோடு மில் கழிவுப் பஞ்சையோ பாலியெஸ்டரையோ கலந்து நூற்கின்றன.

என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது இதற்கு அடுத்த விஷயம். நிறம் பிரித்துப் பிய்த்ததால் நூல் நிறத்தோடே பிறக்கிறது. சிவப்புத் துண்டுகள் சிவப்பு நூலாகும். மறுபடி சாயத்தொட்டிக்குள் இறங்க வேண்டியதில்லை. நொய்யல் ஆற்றங்கரையில் வாழ்கிறவனுக்கு இது சின்ன விஷயம் அல்ல. அந்த ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டப்பட்டுச் சாயக்கழிவின் குட்டையானது. 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, 700-க்கும் மேற்பட்டவை ஒரே உத்தரவில் நின்றன. அதற்குப் பின் கழிவுநீர் சுத்திகரிப்புக்கு இந்த ஊர் கோடி கோடியாகச் செலவழித்தது. அவசியமான செலவுதான். அதே ஊரில் தண்ணீரே தொடாமல் நிறநூலுக்கு வழி செய்துகொண்டிருந்த அந்தக் கைகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அந்த நூல் தறிகளுக்குப் போய்ப் பெட்ஷீட்டாகிறது, துண்டாகிறது, மிதியடியாகிறது. அதையும் ஒருநாள் பிய்க்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நார் இன்னும் குட்டையாகும். கடைசியில் மெத்தைக்கு அடைக்கத்தான் உதவும்.

லைக்ரா கலந்த துண்டுதான் எல்லாருக்கும் தலைவலி. இழுபடும் இழை பிய்க்கிற உருளையில் சுற்றிக்கொள்ளும் என்பதால் அதைத் தனியாக ஒதுக்கிவிடுகிறார்கள். அடுத்து அந்தக் குவியலின் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.