சும்மாடு இறங்கிய பிறகு

பழைய துண்டையோ கிழிந்த புடவைத் துணியையோ முறுக்கி, வட்டமாகச் சுருட்டி உச்சந்தலையில் வைத்தால் அது சும்மாடு. அதன் மேல்தான் மூட்டை ஏறும், மீன்கூடை ஏறும், செங்கல் ஏறும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று சென்னையின் வடக்கே நீளும் கடலோரப் பட்டை ஒன்றரை நூற்றாண்டாகச் சும்மாட்டை நம்பிப் பிழைத்த ஊர். அறுபது தாண்டியவர்கள் தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும், கை கால்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று இங்கே யாராவது சொன்னால், ‘நாங்க தூக்காத மூட்டையா, நடக்காத நடையா?’ என்ற பதில்தான் முதலில் வரும். அதைச் சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. முதியோர் உடற்பயிற்சியை அவரவர் மன உறுதியைப் பொறுத்த விஷயமாகப் பேசுவது இந்த வட்டாரத்தில் ஏன் எடுபடுவதில்லை என்பதை அந்த வரலாறு காட்டிவிடும். இங்கே உடம்பின் உழைப்பு கூலிக்குச் சொந்தமாக இருந்தது. இளவட்டத்துக்குப் பந்தயத்துக்கும் சொந்தமாக இருந்தது. வயதான உடம்புக்கென்று நேரத்தையும் இடத்தையும் யாரும் ஒதுக்கவில்லை.

துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் மதராஸுக்கு வந்த கப்பல்கள் கரையை நெருங்க முடியாது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் மசூலா படகில்தான் கரை சேர வேண்டும். ஆணியடித்த படகு அலை மோதி உடைந்துவிடும் என்பதால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலைக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். அதைத் துடுப்புப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்ததும், கடைசி சில அடி தண்ணீரில் பயணிகளைத் தோளில் சுமந்து இறக்கியதும் இந்தக் கடற்கரை மக்களின் கைகளும் தோள்களும்தான். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. 1870களின் நடுவில் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கியது. 1881 புயலில் கட்டியதெல்லாம் சிதைய, மறுபடி கட்டினார்கள். அதன் பிறகு தொழிற்சாலைகள் வரிசைகட்டின: திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை, 1946இல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1955இல் என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட், 1970களில் அனல்மின் நிலையம். தலைமுறை தலைமுறையாக இங்கே ஆணும் பெண்ணும் விற்ற சரக்கு உடல் பலம். இப்படிப்பட்ட ஊரில் ‘உடற்பயிற்சி’ என்ற சொல்லே வேலை இல்லாதவரின் சொல்லாகத் தோன்றினால் அதில் ஆச்சரியம் இல்லை.

உழைத்த உடம்புக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு என்ற வாதத்துக்கு மருத்துவ ஆராய்ச்சியிலும் ஆதரவு உண்டு. உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை நவீன மருத்துவம் கண்டுகொண்டதே தொழிலாளிகளின் உடம்பைப் பார்த்துத்தான். 1953இல் ஜெர்ரி மோரிஸ் லண்டன் மாடிப் பேருந்துத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அடுத்து ரால்ஃப் பாஃபன்பார்கர், சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தின் 6,351 சுமைத் தொழிலாளர்களை 22 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1975இல் முடிவை வெளியிட்டார். கடும் சுமை வேலை செய்தவர்களிடையே இதய நோய் மரண விகிதம், லேசான வேலை செய்தவர்களுக்கு இருந்ததில் கிட்டத்தட்ட பாதிதான். உடம்பு பலவீனமானவர்கள் தாமாகவே லேசான வேலைக்கு மாறியிருப்பார்கள், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று ஆட்சேபிக்கலாம். அந்தச் சந்தேகத்தை ஆய்வாளர்களும் கணக்கில் எடுத்துத்தான் பார்த்தார்கள், வித்தியாசம் மறையவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் இதயம் வலுவானது என்று ராயபுரத்துக்காரர் சொன்னால், அவர் பக்கம் 22 ஆண்டுக் கணக்கு நிற்கிறது.

ஆனால் அதே கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, அந்த உழைப்பு இப்போது இல்லை. பாஃபன்பார்கர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோதே, 1960இல், அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிற்சங்கம் இயந்திரமயமாக்கலுக்கு ஒப்பந்தம் போட்டது. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது. கொக்கி போட்டு இழுத்து, தோளிலும் தலையிலும் ஏற்றிய சரக்கு இரும்புப் பெட்டிக்குள் போனது. கிரேன் தூக்குகிறது, லாரி கொண்டுபோகிறது. கடலிலும் அதே கதைதான். துடுப்பும் பாயும் போய் லாஞ்சு வந்தது. கட்டுமரத்தின் இடத்தில் எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகு நிற்கிறது. கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக நடந்த மீன்காரப் பெண்மணிகளில் பலர் இன்று ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். யாரும் இதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை; கழுத்தெலும்பு தேய்ந்தவர்கள் கிரேனைத் திட்டமாட்டார்கள். ஆனால் இருபது வயதில் தூக்கிய மூட்டை எழுபது வயதில் காப்பாற்றாது. தசைக்கு வைப்புநிதி கிடையாது. பயன்படுத்துவதை நிறுத்திய சில வாரங்களிலேயே அது கரையத் தொடங்கும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் ஆழமானது. கோபன்ஹேகன் நகரத்தில் 1 லட்சத்து 4 ஆயிரம் பேரை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவதையும், வேலையில் கடுமையாக உழைப்பவர்களுக்கு அவை கூடுவதையும் ஒருசேரக் காட்டியது. ஒரே உடம்பு, ஒரே வியர்வை. பலன் மட்டும் எதிரெதிர். இது பாஃபன்பார்கரைப் பொய்யாக்குகிறதா? அவருடைய தொழிலாளிகளின் வேலையில் மூச்சுவாங்கும் வேகமும் இடைவெளியும் மாறி மாறி வந்தன. இதயத்துக்குக் காப்பு தந்தது அந்த விட்டு விட்டு வந்த கடும் முயற்சிதான் என்று அவரே சொன்னார். நாளெல்லாம் இடைவெளி இல்லாமல், சுமையின் அளவையும் வேகத்தையும் இன்னொருவர் தீர்மானிக்க நடக்கும் உழைப்பு வேறு ரகம். அதில் ரத்த அழுத்தம் மணிக்கணக்கில் ஏறியே நிற்கும். தேய்ந்ததைச் சரிசெய்ய உடம்புக்கு நேரம் இருக்காது. வடசென்னைப் பெண்களின் தண்ணீர்க் குடத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அடிபம்பிலோ தண்ணீர் லாரியிலோ பிடித்த குடத்தை எப்போதும் ஒரே பக்க இடுப்பில் வைத்து, உடம்பை மறுபக்கம் சாய்த்து, படியேறிப் போவது. பல ஆண்டு தினமும் செய்தாலும் அது பயிற்சி ஆகாது. ஒரு பக்கத்து முதுகுக்கும் முட்டிக்கும் விழுந்த அடி அது. ஆகவே ‘தூக்காத மூட்டையா’ என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: தூக்கினீர்கள், அதனால்தான் இப்போது வேறு விதமான அசைவு உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

கூலிக்கு வெளியே உடம்பைப் பேணும் மரபு இங்கே இருந்ததில்லையா என்றால், இருந்தது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து மோதிய ரோஷமான குத்துச்சண்டை இந்த மண்ணுக்குரியது. 2021இல் வந்த பா. ரஞ்சித்தின் படம் அதைத் தமிழகம் முழுக்கப் பேசவைத்தது. சிலம்பமும் குஸ்தியும் இருந்தன. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இல்லாத பயிற்சிக்கூடம் கிடையாது. ஆனால் அந்தக் களம் இளைஞனுடையது. வயதானவருக்கு அதில் கிடைத்த ஒரே இடம் வாத்தியார் இடம். அது சிலருக்குத்தான் வாய்க்கும், பெண்களுக்கு அதுவும் இல்லை. முதியவர்களை, குறிப்பாக வயதான பெண்களை, தொடர்ந்து நடக்கவைத்த ஒரே பொது ஏற்பாடு கோயில்தான். பௌர்ணமி வெள்ளியன்று மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் உண்டு. அதைவிட முக்கியம் அன்றாடப் பிராகாரச் சுற்று. அங்கே வண்டி வராது, தரை சமம், களைத்தால் உட்காரத் திண்ணை உண்டு, எத்தனை சுற்று என்று ஒரு எண்ணிக்கை உண்டு, துணைக்கு நாலு பேர் உண்டு. முதியோர் நடைக்கு இன்று வல்லுநர்கள் கேட்கும் வசதிகள் அத்தனையும் அந்தக் கல் தளத்தில் இருக்கின்றன. பக்தியைப் பயிற்சியாகக் குறுக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. இடம் சரியாக இருந்தால் முதியவர்கள் யாரும் சொல்லாமலே நடப்பார்கள் என்பதற்கு இது சான்று.

அந்த இடம்தான் வடக்கே குறைந்துகொண்டே வந்தது. கடலில் நீட்டிய துறைமுகச் சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலைத் தடுத்தது. தடுத்த மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகன்றது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் அங்கே உலாவும் சாலை அமைத்தார். மணல் வராத வடக்கே கடல் கரையைத் தின்றது. ராயபுரத்துக்கு வடக்கே இன்று அலையைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்; அதை ஒட்டியே எண்ணூர் நெடுஞ்சாலை, அதில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. ஒரே சுவர் நகரத்தின் ஒரு பாதிக்கு உலாவ மணலையும் மறுபாதிக்குக் கல்லையும் தந்தது. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அரசு தொடங்கியபோது, சென்னைக்கான பாதை அமைந்தது அடையாறு, பெசன்ட் நகர் பக்கம். மரமும் காற்றும் இருக்கும் இடத்தில் பாதை போடுவது இயல்புதான். அந்த இயல்பே வடக்கைத் தொடர்ந்து விட்டுவிடுகிறது என்பதுதான் வரலாறு சொல்வது.

வடக்கின் காற்றில் முதியவர்களை நடக்கச் சொல்வதே ஆபத்து என்றொரு மறுப்பு வரும். அது கனமான மறுப்பு. லண்டனில் அறுபது வயதைக் கடந்த 119 பேரை ஒரு நாள் ஹைட் பூங்காவிலும் இன்னொரு நாள் டீசல் புகை நிறைந்த ஆக்ஸ்போர்டு தெருவிலும் 2 மணி நேரம் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். பூங்காவில் நடந்ததால் நுரையீரலுக்கும் ரத்தக் குழாய்க்கும் கிடைத்த நன்மை, தெருவில் பெரும்பாலும் அடிபட்டுப்போனது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக நடக்கச் சொல்வது யோசனையற்ற அறிவுரை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் இதிலிருந்து வீட்டுக்குள் முடங்குவதே மேல் என்ற முடிவுக்குப் போகக் கூடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பம் கடலோரத்தில் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, சுற்றியிருந்த மக்கள் மூச்சுத்திணறி வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் எழுந்து வேகமாக நடக்கும் பலம் உயிர்காப்பு. தூய காற்றும் பலமான காலும் சேர்ந்தே கேட்க வேண்டியவை. ஒன்று வரும்வரை மற்றதை ஒத்திப்போடுவது முதியவர்களுக்குக் கட்டுபடியாகாது.

இன்னொரு மறுப்பு வீட்டுக்குள்ளிருந்தே வரும்: உழைத்து ஓய்ந்தவரை உட்காரவைப்பதுதான் மரியாதை. சோறும் தண்ணீரும் இருந்த இடத்துக்கே வருவது பாசத்தின் அடையாளம்தான். ஆனால் வலை பின்னும் முதியவரைப் பாருங்கள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, வலையின் ஓரத்தைக் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியால் பொத்தலை அடைக்கிறார். விரலுக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கிறது. எழுந்திருக்கும்போதுதான் தொடைக்குப் பலம் இல்லை என்பது தெரிகிறது, சுவரைப் பிடிக்கிறார். அந்தத் தொடையின் பலம் திரும்ப வரும். 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியதரோன் குழு, 90 வயதையொட்டிய முதியோர் இல்லவாசிகள் 10 பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தது. அவர்களின் கால் பலம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் 150 நிமிட மிதமான நடையோடு, வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் தசைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் விழுவதைத் தடுக்கத்தான். இதற்கு ஜிம் வேண்டாம். உறுதியான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்து உட்காருவது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது போதும் தொடங்குவதற்கு.

உடம்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1923 மே 1ஆம் தேதி, இந்தியாவின் முதல் மே தினத்தைத் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில் கொண்டாடினார். இன்று அந்தப் பக்கம் கண்ணில் படுவது துறைமுக மதில்தான். அதற்கு 5 ஆண்டு முன்பே பெரம்பூர் பக்கம் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்திருந்தது. எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையின் உள்ளர்த்தம், மிச்ச நேரத்தில் உடம்பு தொழிலாளிக்குச் சொந்தம் என்பது. வேலை நேரத்துக்கு அந்தக் கோரிக்கை சட்டமானது. ஓய்வுபெற்ற பிறகான உடம்புக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அடித்தளம் இல்லாமல் இல்லை: சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978லேயே முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவு தொடங்கினார். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அடுத்த அடி இடத்துக்கானது. காலையில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளி மைதானத்தின் கதவை முதியோருக்கு ஒரு மணி நேரம் திறந்துவைக்கலாம். லாரி வராத உள்தெருவில் உடையாத நடைமேடையும் ஐம்பது அடிக்கு ஒரு பெஞ்சும் போடலாம். கோயில் பிராகாரத்தில் இருப்பவை அவ்வளவுதான். அவற்றைச் செய்துவிட்டு ‘நடங்கள்’ என்று சொன்னால், ‘நாங்க நடக்காத நடையா?’ என்ற பதில் அப்போதும் வரலாம். ஆனால் நடந்துகொண்டே சொல்வார்கள்.