நிலையத்திற்கு எதிரே ஒரு விடுதி

கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்திற்கு எதிரே, மேட்டின் மீது வெள்ளை வெளேரென்று நிற்கிறது மெஜஸ்டிக் தங்கும் விடுதி. அதைப் பார்த்தவர்கள் பல்லாயிரம் பேர். அது பிழைத்த கதையை அறிந்தவர்கள் சிலரே.

கதை ரயிலில் தொடங்குகிறது. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலிருந்த புக்கிட் கூடாவுக்கும் இடையே சிலாங்கூரின் முதல் ரயில் ஓடியது. ஈயமும் பின்னாளில் ரப்பரும் ரயிலேறித் துறைமுகம் போயின. தண்டவாளம் போட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். நிலைய அதிபர், குமாஸ்தா வேலைகளுக்கு யாழ்ப்பாணத் தமிழர்கள் வந்தார்கள். இவர்களில் பலர் குடியமர்ந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ்.

1910-இல் ஹப்பாக் வடிவமைத்த ரயில் நிலையம் திறக்கப்பட்டது. பயணிகள் தங்குவதற்கு நிலையக் கட்டடத்திலேயே ஒரு விடுதி இருந்தது. எதிரே மெஜஸ்டிக் எழுந்தது 1932-இல். சிங்கப்பூரின் புல்லர்ட்டன் கட்டடத்தை வடிவமைத்த கீஸ், டவுட்ஸ்வெல் நிறுவனத்தாரே இதையும் வடிவமைத்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார்களும் பெரும் வணிகர்களும் அங்கே கூடினார்கள்.

காலம் மாறியது. 1965-இல் சுபாங் விமான நிலையம் வந்தது. நகரில் புதிய விடுதிகள் வானளாவ உயர்ந்தன. மெஜஸ்டிக் 1983-இல் கதவை அடைத்தது. ஆனால் அதே ஆண்டில் தொல்பொருள் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. 1984 முதல் 1998 வரை தேசியக் கலைக்கூடம் அங்கே இயங்கியது. 2012 டிசம்பரில், பக்கத்தில் புதிய கோபுரக் கட்டடத்துடன், 300 அறைகள் கொண்ட விடுதியாக மீண்டும் திறக்கப்பட்டது.

எதிரே இருந்த நிலைய விடுதிக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. 2001-இல் பிரிக்பீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டதும் தொலைதூர ரயில்கள் அங்கே போய்விட்டன. பயணி இல்லாத விடுதி எத்தனை நாள் தாங்கும்? 2011-இல் அதுவும் மூடப்பட்டது. பழைய நிலையத்தில் இன்றும் கொமுட்டர் ரயில்கள் நின்று செல்கின்றன.

இரண்டு விடுதிகளும் ஓர் உண்மையைச் சொல்கின்றன. சட்டம் சுவரைக் காப்பாற்றும். கட்டடத்தைக் காப்பாற்றுவது அதன் பயன்பாடே. கலைக்கூடமாக இருந்த 14 ஆண்டுகள் இல்லையென்றால் மெஜஸ்டிக் பாழடைந்து போயிருக்கும்.

இன்னோர் உண்மையும் உண்டு. விருந்தினர் உறங்கிய மாளிகை பிழைத்தது. ரயிலை ஓட்டியவர்களின் வீடுகள்? ரயில்வே, அரசாங்க ஊழியர்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட பிரிக்பீல்ட்ஸ் 'நூறு வீடுகள்', 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இடிக்கப்பட்டுவிட்டன. மெஜஸ்டிக்கிலிருந்து அந்த இடம் அதிக தூரமில்லை.

அழகான கட்டடத்திற்குப் பரிந்து பேசப் பலர் வருவார்கள். சாதாரண வீட்டுக்காகப் பேச, அதில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள்தாம் வர வேண்டும். எஞ்சியிருக்கும் பழைய படங்களையும் பெரியவர்களின் நினைவுகளையும் இப்போதே திரட்டி வைத்தால், வீடு போனாலும் வரலாறு நிற்கும்.