சான்றிதழ் நம்பிக்கைப் பிழை

சான்றிதழ் நம்பிக்கைப் பிழை என்பது, இணையச் சேவை ஒன்றை அழைக்கும் நிரல், வழங்கி காட்டும் சான்றிதழைத் தான் நம்பும் வேர்ச் சான்றிதழ் எதனுடனும் தொடர்புபடுத்த இயலாமல் இணைப்பை மறுப்பதாகும்.

காரணங்கள்

வேர்ச் சான்றிதழுக்கும் வழங்கியின் சான்றிதழுக்கும் இடையே பொதுவாக ஓர் இடைநிலைச் சான்றிதழாவது இருக்கும். அதனையும் வழங்கியே அனுப்புதல் வேண்டும். அனுப்பாவிடினும், குரோம் போன்ற உலாவிகள் சான்றிதழில் குறிக்கப்பட்டுள்ள முகவரியிலிருந்து அதைத் தாமே பெற்றுக்கொள்கின்றன. ஜாவா நிரல்கள் இயல்பிருப்பில் அவ்வாறு தேடுவதில்லை. உலாவியில் திறக்கும் சேவை நிரலில் தோல்வியுறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நிறுவனங்கள் தமக்கெனவே உருவாக்கிய வேர்ச் சான்றிதழ், ஜாவாவின் 'கேசெர்ட்ஸ்' கோப்பில் இல்லாததும் மற்றொரு காரணமாகும்.

தீர்வுகள்

ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியைக் கொண்டு வழங்கி உண்மையில் எச்சான்றிதழ்களை அனுப்புகிறது என்று முதலில் பார்த்தல் நலம். இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டிருப்பின் வழங்கியில் சேர்க்க வேண்டும். உள் வேர்ச் சான்றிதழாயின் 'கீடூல்' கட்டளையால் நிரலின் பக்கம் சேர்க்கலாம். சரிபார்ப்பையே முடக்கினால் பிழைச்செய்தி மறையும். ஆனால் இடையில் நுழைபவர் காட்டும் போலிச் சான்றிதழும் ஏற்கப்படும். சோதனைக்காக முடக்கியது அப்படியே பயன்பாட்டுக்குச் சென்றுவிடுவதும் உண்டு.

2021 நிகழ்வு

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழான டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3, 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 பதிப்பு, புதிய வேர்ச் சான்றிதழ் தன்னிடம் இருந்தும் காலாவதியான வழியையே பின்பற்றி இணைப்பை மறுத்தது. பழைய வேர்ச் சான்றிதழை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்கியதும் இணைப்பு மீண்டது.