பாரப் பெட்டியும் முகமாலையும்

அம்மாவுக்குப் பெட்டி அனுப்புவதென்றால் கப்பல்தான். கோப்பை கழுவிற சம்பளத்துக்கு விமானக் கூரியர் கட்டாது. அங்கே கிலோவுக்குக் காசு. பெட்டி பெரிதென்றால் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரித்து, எது கூடவோ அந்தக் கிலோவுக்கு அறவிடுவார்கள். கப்பலில் பெரும்பாலும் பெட்டியின் கன அளவுக்குத்தான் காசு. பாரமான சாமானுக்கு அதுவே மலிவு.

இந்த மலிவுக்கு வழிதிறந்தது 1956 ஏப்ரல் 26. அன்றுதான் மல்கம் மக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 கொள்கலன்களோடு நியூஜேர்சியிலிருந்து ஹூஸ்ரனுக்குப் புறப்பட்டது. மூட்டை மூட்டையாக ஆட்கள் ஏற்றி இறக்கிய செலவு அதன்பிறகு விழுந்தது.

ஆனால் 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது என் பெட்டி கொழும்போடு நின்றுவிட்டது. கடல் தாண்டின பெட்டிக்கு முகமாலை தாண்ட வழியில்லை. அன்றிலிருந்து நான் விலையை மட்டும் கேட்பதில்லை. "வீட்டுப் படலை வரைக்கும் ஆர் கொண்டுபோய்க் குடுக்கிறது?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.