கூட்டமே இல்லாத இடத்தில் ஆஃப்ரோடு, கேம்பிங் போகணுமா? இடத்தை எப்படி கண்டுபிடிப்பது? எங்கே போகக் கூடாது? முழு விவரம்

லாங் வீக்கெண்ட் வந்தாலே ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் வண்டிகளால் நிரம்பி விடுகின்றன. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் எடுத்துதான் போக முடியும். இதனால் 'யாருமே இல்லாத இடத்தில் ஒரு டென்ட், பக்கத்தில் நம்ம ஜீப்' என்று தேடுபவர்கள் அதிகமாகி வருகிறார்கள். ஆனால் ஆள் இல்லாத இடம் என்பதாலேயே அங்கே யார் வேண்டுமானாலும் போகலாம் என்று அர்த்தம் இல்லை. கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

அந்த இடம் யாருடையது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தமிழ்நாட்டில் நீங்கள் பார்க்கும் காலி இடம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

* காப்புக் காடு, சரணாலயம், புலிகள் காப்பகம்: வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியோ டென்ட்டோ கொண்டு போகவே கூடாது. காப்புக் காட்டில் அத்துமீறி நுழைவதும் தீ மூட்டுவதும் தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி குற்றம். சரணாலயம் என்றால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 பாயும். சிறைத் தண்டனைக்கும் வாய்ப்பு உண்டு.

* புறம்போக்கு: ஏரி, ஆறு, மேய்ச்சல் நிலம் போன்றவை. அரசு நிலம் என்பதால் 'எல்லாருக்கும் பொது' என்று நினைத்துவிட வேண்டாம். ஊர்க்காரர்கள் ஆடு மாடு மேய்க்கும், தண்ணீர் எடுக்கும் இடம் அது.

* பட்டா நிலம்: தனியார் தோட்டம், எஸ்டேட், பண்ணை. உரிமையாளர் சம்மதம் கிடைத்தால் பிரச்னை இல்லாமல் தங்க ஏற்ற இடம் இதுதான்.

சர்வே எண் தெரிந்தால், தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் 'அ-பதிவேடு' பார்த்து நிலத்தின் வகையைத் தெரிந்துகொள்ளலாம். தெரியாவிட்டால் அந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் கேட்கலாம். கூகுள் மேப்பில் பச்சையாக இல்லை என்பதற்காக அது காடு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் செம்மண் மேடுகளைப் பார்த்ததும் வண்டியை இறக்கத் தோன்றும். ஆனால் அங்குள்ள குதிரைமொழி தேரி ஒரு காப்புக் காடு.

அமைதியான இடத்தை எப்படி தேடுவது?

* சேட்டிலைட் வியூவில் தார் ரோடு முடியும் கடைசி ஊரைப் பாருங்கள். அதைத் தாண்டிப் போகும் மண் பாதை எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். தோட்டத்தில் முடிந்தால் விசாரிக்கலாம். காட்டுக்குள் போனால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

* இந்திய சர்வே துறையின் 1:50,000 அளவு வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. மேடு, பள்ளம், ஓடை எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும்.

* பிரபலமான மலையை விட்டு பக்கத்து மலைக்குப் போகலாம். ஏலகிரிக்குப் பதில் ஜவ்வாது மலை, ஏற்காட்டுக்குப் பதில் கல்வராயன் மலை அல்லது பச்சைமலை. ஜவ்வாது மலையின் காவலூரில்தான் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. நகர வெளிச்சம் குறைவாக இருந்ததும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். நட்சத்திரம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இதுவே நல்ல குறிப்பு.

* இடத்தை விட நாள் முக்கியம். சனிக்கிழமை திருவிழா போல இருக்கும் இடம் செவ்வாய்க்கிழமை வெறிச்சோடிக் கிடக்கும்.

* கடைசி ஊரின் டீக்கடையில் வண்டியை நிறுத்தி விசாரியுங்கள். நேற்று யானை எந்தப் பக்கம் இறங்கியது, எந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்பதை எந்த ஆப்பும் சொல்லாது.

சட்டப்படி ஆஃப்ரோடு எங்கே ஓட்டலாம்?

தேனி மாவட்டத்தில் உள்ள கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் ஒரு நல்ல உதாரணம். கேரளாவின் சூரியநெல்லியில் இருந்து கரடுமுரடான பாதையில் உள்ளூர் ஜீப்பில்தான் பயணிகள் மேலே போகிறார்கள். சொந்த வண்டியை ஓட்ட முடியாவிட்டாலும் அனுபவம் குறையாது. அந்த ஊர் டிரைவருக்கு அது வருமானமும் கூட.

மணலில் ஓட்ட ஆசையா? கண்ணூர் அருகே முழப்பிலங்காடு கடற்கரையில் சுமார் 4 கி.மீ. தூரம் வண்டி ஓட்ட அனுமதி உண்டு. மற்ற கடற்கரைகளில் இறக்காதீர்கள். குறிப்பாக ஜனவரி முதல் மார்ச் வரை தமிழ்நாட்டுக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். மணலுக்குள் இருக்கும் முட்டைகள் டயரில் நசுங்கிவிடும்.

'யாரும் இல்லை' என்பது ஏன் ஆபத்து?

2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கான விதிகளை தமிழ்நாடு அரசு கடுமையாக்கியது.

2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட்டில் தங்கியிருந்த இளம் ஆசிரியை யானை தாக்கி உயிரிழந்தார். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது சிறுவனை அடித்துச் சென்றது.

எனவே இந்த மூன்றையும் மறக்க வேண்டாம்:

* ஓடை, ஆற்றுப் படுகையில் டென்ட் போடவே கூடாது. நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மலை மேலே பெய்த மழை காட்டாறாக வந்துவிடும்.

* யானைச் சாணம், ஒடிந்த கிளைகள், மண்ணில் அகலமான கால் தடம் தெரிந்தால் அது யானைப் பாதை. அங்கே தங்கக் கூடாது. பழம், உப்பு, சமைத்த சாப்பாட்டை டென்ட்டுக்குள் வைக்காதீர்கள்.

* பிப்ரவரி முதல் மே வரை கேம்ப் ஃபயரே வேண்டாம். காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும்.

வண்டியில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் உங்கள் வண்டி உண்மையிலேயே 4x4 தானா என்று பாருங்கள். தார் மாடலிலேயே பின் சக்கரம் மட்டும் இயங்கும் வண்டியும் விற்பனையில் இருக்கிறது.

* மணலில் டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை குறைத்தால் பிடிப்பு கூடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்ப சின்ன கம்ப்ரசர் அவசியம்.

* கரிசல் மண்ணும் வற்றிய ஏரியும் பார்க்க காய்ந்தது போல இருக்கும். உள்ளே சேறு. ஒரு மழை பெய்திருந்தால் 4x4 வண்டியும் சிக்கிவிடும். முதலில் இறங்கி நடந்து பாருங்கள். கால் புதைந்தால் வண்டியும் புதையும்.

* தனியாகப் போகாதீர்கள். குறைந்தது இரண்டு வண்டி, இழுக்கும் பெல்ட், மண்வெட்டி, முதலுதவிப் பெட்டி, ஆளுக்கு ஒரு நாளுக்கு 4 லிட்டர் தண்ணீர் தேவை.

* ஆஃப்லைன் மேப்பை முன்பே டவுன்லோட் செய்யுங்கள். சிக்னல் இல்லை என்று சேட்டிலைட் போன் வாங்கிவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம்.

இதெல்லாம் சிக்கலாக இருக்கிறதா?

வண்டியை விட்டு நடக்கத் தயார் என்றால், வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கப்பட்டது. ஆன்லைனில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உங்களுடன் வருவார். தீ பரவும் கோடைக் காலத்தில் பாதைகள் மூடப்படுவது வழக்கம் என்பதால் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அவசரம் என்றால் 112, ஆம்புலன்ஸுக்கு 108. சிக்னல் கிடைக்கும் கடைசி இடத்தையும் மேப்பில் குறித்து வையுங்கள். ஏதாவது நடந்தால் முதலில் ஓட வேண்டியது அங்கேதான்.