கோவளத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பது

கோவளம் கடற்கரைக்கும் சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவுக்கும் நடுவே பெரிய தூரமில்லை. உப்பங்கழி, பக்கிங்ஹாம் கால்வாய், கேளம்பாக்கத்து உப்பளங்கள், அவ்வளவுதான். கிழக்கே மீனவ இளைஞர்கள் வெளியூர்க்காரர்களுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறார்கள். மேற்கே ஆயிரக்கணக்கானோர் ஏசி அறைகளில் மென்பொருள் கோடு எழுதுகிறார்கள். மேற்கில் இருப்பவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிழக்கே வந்து அதே வேலையை ஏன் பார்க்கக் கூடாது என்ற கேள்வி புதிதல்ல. செயற்கை நுண்ணறிவு வந்தபின் அதற்கு ஒரு சுலபமான பதில் சொல்லப்படுகிறது: இனி மென்பொருளை இயந்திரமே எழுதும், மனிதர் மேற்பார்வை பார்த்தால் போதும், ஆகவே மாதக்கணக்கில் ஊர் ஊராகத் திரிந்துகொண்டே சம்பாதிக்கலாம். இந்தப் பதில் பாதிகூடத் தேறாது என்பது என் கட்சி. வேலை பார்ப்பவர் எங்கே உட்காரலாம் என்பதைக் கருவி தீர்மானித்த காலம் கொஞ்சம். ஒப்பந்தமும் சட்டமும் தீர்மானித்த காலமே அதிகம். அதற்குக் கோவளத்தின் பழைய கதையே சாட்சி சொல்லும்.

1720-களில் கோவளத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு ஒரு பண்டகசாலை இருந்தது. ஆஸ்டெண்ட் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள துறைமுகம். அப்போது அது ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸின் ஆட்சியில் இருந்தது. அவர் 1722-இல் கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தார். அதன் கப்பல்கள் சீனத்துத் தேயிலையையும் இந்தியத் துணியையும் நாடி வந்தன. சோழமண்டலக் கரையில் கப்பல் நேரே வந்து ஒட்ட வசதியான துறைமுகம் அன்று கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். ஐப்பசி மழையும் புயலும் தொடங்குமுன் கிளம்பிவிட வேண்டும். ஆகவே கம்பெனி ஆட்கள் கரையிலேயே வருஷக்கணக்கில் தங்கினார்கள். வெளிநாட்டில் நெடுங்காலம் தங்கி வேலை பார்ப்பது இந்தக் கரைக்கு அன்றே பழகிப்போன விஷயம். கம்பெனியும் நல்ல லாபம் பார்த்தது. ஆனால் 1727-இல் அதன் பட்டயம் நிறுத்திவைக்கப்பட்டது. 1731-இல் அடியோடு போயிற்று. நெசவு மட்டமாகிவிட்டதா, கப்பல் ஓடவில்லையா? இரண்டும் இல்லை. தனக்குப் பின் மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வருவதை மற்ற அரசுகள் ஏற்க வேண்டும் என்று பேரரசர் விரும்பினார். கிழக்கத்திய வாணிபத்தில் போட்டியைச் சகிக்காத இங்கிலாந்தும் ஹாலந்தும் கேட்ட விலைகளில் ஒன்று இந்தக் கம்பெனி. கோவளத்துப் பண்டகசாலையின் தலையெழுத்து வியன்னாவில் எழுதப்பட்டது.

நம் காலத்து மென்பொருள் தொழிலும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. 1970-களில் தொடங்கிய இந்திய மென்பொருள் ஏற்றுமதி என்பது பெரும்பாலும் ஆள் ஏற்றுமதியாகத்தான் இருந்தது. வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர் இருக்கும் ஊருக்கு நம் புரோகிராமர் விமானம் ஏறினார். அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஹெச்-1பி விசாவை உருவாக்க, அப்படிப் போய் வேலை பார்க்கும் ஆன்சைட் என்பது நம் வீடுகளில் கல்யாணப் பேச்சுவரை வந்துவிட்டது. பிறகு செயற்கைக்கோள் இணைப்பும் கடலடிக் கேபிளும் வந்து வேலையை இங்கே கொண்டுவந்தன. தமிழக அரசு 1997-இல் தகவல் தொழில்நுட்பக் கொள்கை அறிவித்தது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டிடங்கள் எழுந்து சிறுசேரி வரை நீண்டன. கடல் கடந்து வேலை பார்க்க வசதி செய்த அதே கேபிள், கால்வாயைக் கடந்து கோவளத்திலிருந்து வேலை பார்க்க மட்டும் உதவவில்லை. தடுத்தது தொழில்நுட்பம் என்று சொல்ல முடியாது. விபிஎன்னும் பிராட்பேண்டும் எப்போதோ வந்துவிட்டன. கால்சென்டர், பிபிஓ ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொலைத்தொடர்புத் துறையின் கெடுபிடிகள் இருந்தன. அவை நீங்கியது பெருந்தொற்றுக்குப் பிறகு, 2020 நவம்பரில். சிறப்புப் பொருளாதார மண்டலத்து நிறுவனங்களுக்கோ 2022 ஜூலையில்தான் தனி விதி வந்தது. அதுவும் பாதிப் பேருக்கு, ஓராண்டுக்கு மட்டும் என்று தொடங்கி, பிறகு தளர்த்தப்பட்டது. அந்த மண்டலங்களில் வரிச்சலுகை கட்டிடத்தோடு ஒட்டியிருந்ததால் ஆளும் கட்டிடத்தோடு ஒட்டியிருக்க வேண்டியதாயிற்று.

அதெல்லாம் பழைய கருவிகளின் கதை, இது வேறு என்று மறுக்கலாம். 2021-இல் கோடு எழுத உதவும் கோபைலட், 2022 இறுதியில் சாட்ஜிபிடி, இப்போது மென்பொருளைத் தானே எழுதி, ஓட்டி, டெஸ்ட் செய்து, திருத்தவும் செய்யும் ஏஜென்ட்கள். காலையில் வேலையைச் சொல்லிவிட்டு அலைச்சறுக்கப் போனால், திரும்பி வரும்போது முடிந்திருக்கும். உண்மைதான், முடிந்திருக்கும். சரியாக முடிந்ததா என்பதுதான் பாக்கி. ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டியை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே கணக்கிட்டு முழுமையாக்குவதா, மொத்தத்தில் ஒரே தடவை முழுமையாக்குவதா? இயந்திரம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அழகாக எழுதிவிடும். தானே எழுதிய டெஸ்ட்டில் தானே தேறிவிடும். சில பைசா வித்தியாசம் மாதக் கடைசியில் ஆடிட்டர் கண்ணில்தான் படும். அதை முன்கூட்டிப் பிடிக்க அந்தக் கடையின் கணக்குவழக்கு தெரிந்த ஆள் வரிவரியாகப் படிக்க வேண்டும். பிறர் எழுதியதைப் படிப்பது தானே எழுதுவதைவிடச் சுலபம் என்று இந்தத் தொழிலில் யாரும் சொல்வதில்லை. 2025-இல் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 டெவலப்பர்களிடம் அவர்களுக்கு நன்கு பழகிய திட்டங்களில் 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏஐ துணையோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆயிற்று. அவர்களோ 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நம்பினார்கள். சிறிய ஆய்வு, கருவிகளும் அதன்பின் முன்னேறியிருக்கின்றன. அந்த எண்ணை இன்றைக்கு அப்படியே பிடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மிச்சமானதாகத் தோன்றும் நேரம் வேறு, மிச்சமான நேரம் வேறு என்பதற்கு அது போதும்.

இன்னொரு மறுப்பு கனமானது. கம்பெனி ஊழியரைப் பற்றியே பேசுகிறாயே, பத்துப் பேர் வேலையை ஒருவராகச் செய்ய ஏஐ உதவும்போது ஊழியராக ஏன் இருக்க வேண்டும்? தனியாளாகத் தொழில் செய்பவருக்கு எந்தக் கட்டிடமும் இல்லையே? இதில் நியாயம் உண்டு. நெடும்பயணம் வாய்ப்பது இனி பெரும்பாலும் இவர்களுக்குத்தான். ஆனால் கட்டிடம் போனாலும் காகிதம் போகாது. தாய்லாந்து 2024-இல் தொலைதூர வேலைக்காரர்களுக்கென்று கொண்டுவந்த விசாவுக்குக் கையில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். இந்தியாவில் பொதுவாக 182 நாள் தங்கினாலே வருமான வரிச் சட்டம் உள்நாட்டவராகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். தரவு நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று வாடிக்கையாளர் ஒரு ஷரத்துப் போட்டால் பயணத் திட்டமே மாறிவிடும்.

இந்தத் தடைகளுக்குள்ளும் சிலரால் நகர முடிகிறதென்றால், அவர்கள் எடுத்துப்போவது தொழில் ஞானத்தை. ஆஸ்டெண்ட் கம்பெனி செத்த 1731-இலேயே ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஒரு புதிய கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்காட்லாந்துக்காரர் காலின் கேம்பெல், ஆஸ்டெண்ட் கப்பல் வாணிபத்தில் பழுத்தவர். எதை எங்கே வாங்குவது, யாரோடு பேரம் பேசுவது, எப்போது கிளம்புவது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கொடி மாறியபோது பிழைப்பு மாறவில்லை. பில்லிங் கணக்கில் பைசா எங்கே ஒழுகும் என்று அறிந்த டெவலப்பரும் இப்படித்தான். அவர் கோவளத்தில் இருந்தாலென்ன, கொழும்பில் இருந்தாலென்ன என்று வாடிக்கையாளர் விட்டுக்கொடுப்பார். சிக்கல், அந்த ஞானம் இதுவரை எப்படி வந்தது என்பதில் இருக்கிறது. கல்லூரி முடித்துச் சிறுசேரிக்கு வந்த இளைஞர் முதல் சில வருஷம் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தி, டெஸ்ட் எழுதி, மூத்தவரிடம் திட்டு வாங்கிக் கற்றது அது. இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்வது சரியாக அந்த வேலைகளைத்தான். இன்று உலகம் சுற்றும் மூத்த டெவலப்பரின் சுதந்திரத்துக்கு அடித்தளம் அந்தப் பழைய மேஜை. அடுத்த தலைமுறைக்கு அந்த மேஜைக்கு மாற்றாக எதைக் கொடுப்பது என்று நிறுவனங்களும் கல்லூரிகளும் இன்னும் முடிவு செய்தபாடில்லை.